அக்காவிடம் கேட்காத கேள்வி

ஈ.என்.டி.யிடம் ஹெட்போன் வாங்கப் போனால் சும்மா கை நீட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "எதுல சொருகிக் கேக்கப் போறீங்க?" பதில் வராதவரை, கண்ணாடி அலமாரியின் சாவி அவர் இடுப்பை விட்டு வெளியே வராது.

ஈ.என்.டி. என்றதும் காது மூக்கு தொண்டை டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றின் மாடியில், படியேறியதும் இடது கைப்பக்கம் இருக்கும் ஹெட்போன் கவுன்ட்டர்தான் அவருடைய சாம்ராஜ்யம். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் மாலைபோலக் கிடக்கும். யாராவது போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தால், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்த பிறகுதான் மறு வேலை. ஊரான் காதில் இருந்ததை அப்படியே எடுத்துத் தன் காதில் வைக்கிற வழக்கம் அவரிடம் செத்தாலும் கிடையாது. அதற்கென்றே சொந்தமாக ஒரு சின்ன இயர்போன் சட்டைப் பையில் சுருட்டி வைத்திருப்பார். இந்தப் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் பார்த்து, டிவி பிரிவில் நிற்கும் ஒரு பெண் போகிறபோக்கில் ஈ.என்.டி. என்றாள். கடை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. முதலில் முறைத்தார், அப்புறம் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். மனுஷனுக்கு அந்தக் கெத்து பிடித்திருந்தது.

கேள்விக்கு வாடிக்கையாளர் முழித்தால் இவருக்குக் கொண்டாட்டம். கச்சேரி தொடங்கிவிடும்.

"சார், ஹெட்போனும் நல்லது, பிளேயரும் நல்லது. ஆனா ரெண்டையும் ஒண்ணு சேத்தா ஒத்து வரணும்ல? தங்கமான மாமியார், தங்கமான மருமக, ரெண்டு பேரையும் ஒரே கிச்சன்ல விட்டுப் பாருங்க!" சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். "இங்க ஓம்னு ஒரு நம்பர் போட்டிருக்கு பாருங்க. சின்ன நம்பர்னா சட்டைப் பை பிளேயரே சுலபமா இழுத்துடும். பெரிய நம்பர்னா தெம்பான பிளேயரா இருக்கணும். குட்டி மோட்டாரை வச்சு அஞ்சாவது மாடிக்குத் தண்ணி ஏத்துவீங்களா? முழுசாத் திறந்து விட்டாலும் முக்கும், முனகும். பாட்டு கரகரங்கும். பாடறவருக்குத் தொண்டை கட்டுன மாதிரி கேக்கும். பாவம், அவர் என்ன பண்ணுவார்?"

இத்தனையும் வாய் கிழியப் பேசுகிற ஆள்தான், தன் சொந்த அக்கா விஷயத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார். கேட்காததோடு நின்றிருந்தாலாவது தொலைகிறது என்று விடலாம்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வேலையே அக்கா வாங்கிக் கொடுத்ததுதான். படிப்பு ஏறாமல், நாளெல்லாம் தெருமுனையில் நின்று நேரத்தைக் கொன்றுகொண்டிருந்த தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் அந்தக் கடை மேனேஜர் முன்னால் நிறுத்தினார். "படிப்பு வரலை சார், மறைக்கல. ஆனா காது ரொம்பக் கூர்மை. பக்கத்து வீட்டு ரேடியோவுல எந்த ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குன்னு எங்க வீட்டுலேருந்தே சொல்லுவான்." அந்தச் சிபாரிசில் ஏறிய படிதான், இன்றைக்கும் ஏறிக்கொண்டிருக்கிறார்.

காது என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு நடுக்கம் உண்டு. அப்பா தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் பேச்சு புரியாமல் போனது. அப்புறம் கூப்பிட்டால் திரும்பமாட்டார். கடைசியில் வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசினார்கள், கத்துகிறவர்கள் முகத்தில் எப்போதும் ஓர் எரிச்சல் இருந்தது. தம்பி சின்ன வயதில் செய்த காரியம் இருக்கிறதே, அது அதைவிட மோசம். அப்பா திட்டும்போது எதிரே நின்று, முகத்தில் சிரிப்பு மாறாமல், உதடு அசைகிறதா இல்லையா என்பதுபோல, வாய்க்கு வந்த வசவையெல்லாம் முணுமுணுப்பான். அப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சமாதானமாகித் தானும் சிரிப்பார். ஒருநாள் அக்கா அதைக் கேட்டுவிட்டு, பளாரென்று ஓர் அறை விட்டார். அந்த அறை இன்னும் நினைவிருக்கிறது அவருக்கு. அக்காவுக்கும்தான்.

அக்கா வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை செய்துகொண்டிருந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றிலிருந்து குரல் பதிவுகள் வரும். கடையில் தண்ணீர் புகுந்தவர், வண்டி மோதிக் கால் உடைந்தவர், நடந்தது நடந்தபடி அழுதுகொண்டும் மென்றுகொண்டும் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேசை, கம்ப்யூட்டர், பக்கத்தில் தீப்பெட்டிக்கு அண்ணன்போல ஒரு சின்ன பிளேயர். இடது கைப் பெருவிரல் பிளேயரை நிறுத்தும், ஓட்டும். மற்ற விரல்களெல்லாம் கீபோர்டில் ஓடும். சரியாகக் கேட்காத இடத்தில் அக்கா தானாக எதையும் இட்டு நிரப்பமாட்டார், புள்ளி வைத்துவிடுவார். ஆபீஸில் அவர் அடித்த தாள்களில் புள்ளியே இருக்காது என்று பெயர். அந்தப் பெயரில் அக்காவுக்கு இருந்த கர்வம், தம்பிக்கு ஈ.என்.டி. பட்டத்தில் இருந்த கர்வத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

அந்த வருஷம் விற்பனையில் முதலிடம் வந்ததற்காக, "அலமாரியிலேருந்து உனக்குப் பிடிச்சது ஒண்ணு எடுத்துக்கோ" என்றார் மேனேஜர். ஈ.என்.டி. யோசிக்கவேயில்லை. மேல்தட்டில் வெல்வெட் பெட்டிக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த பெரிய ஹெட்போனை எடுத்தார். ஸ்டுடியோக்காரர்கள் போடுகிற ரகம். நாளெல்லாம் போட்டிருந்தாலும் காது வலிக்காத மெத்து மெத்தென்ற பஞ்சு. அது ஏன் அத்தனை நாள் விற்காமல் கிடந்தது தெரியுமா? ஆசைப்பட்டு வந்தவர்களையெல்லாம் இவரே திருப்பி அனுப்பியிருந்தார். "நம்பர் ரொம்பப் பெருசு சார், உங்க பிளேயர் தாங்காது, வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா வீட்டுக்காரர், மாமா, இருந்தார், அக்கா மகள் இருந்தாள். எல்லோரையும் உட்காரவைத்துப் பெட்டியைத் திறந்தார். அக்கா மகள், "அய்யோ, செம!" என்று கத்தினாள். மாமா லிஃப்ட் மெக்கானிக், எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் ஸ்க்ரூவைத்தான் பார்ப்பார். அவரே, "நல்ல கட்டு மாப்ள" என்றார். அந்த உற்சாகத்தில் ஈ.என்.டி. அக்காவின் பழைய ஹெட்போனைத் தேடினார். பஞ்சு உதிர்ந்து, ஒயரில் கறுப்பு டேப் சுற்றி, மேசை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கருமத்தையா இத்தனை நாளா காதுல மாட்டியிருந்த? நான் ஈ.என்.டி.யோட அக்கான்னு வெளிய சொல்லிடாத தாயே!"

எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, அதைக் கொண்டுபோய்ச் சமையலறைக் குப்பைத்தொட்டியில் போட்டார். காய்கறித் தோலுக்கு மேலே விழுந்தது. அக்காவும் சிரித்தார். "அது பாட்டுக்கு நல்லாத்தானேடா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். பிளேயர் மேசைமேல், இவர் கண்ணெதிரே இருந்தது. எதுல சொருகிக் கேக்கப் போற என்று இவர் கேட்கவில்லை.

வேலை நாளில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, சத்தம் ரொம்பச் சின்னதா வருதுடா."

"வால்யூமைக் கூட்டேன்க்கா."

"முழுசா வச்சுட்டேன்."

"பிளேயர்ல பூஸ்ட்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதையும் போட்டு விடு." கவுன்ட்டரில் ஆள் நின்றது. வைத்துவிட்டார்.

மறுபடி போன். "இப்ப சத்தம் வருதுடா, ஆனா கரகரங்குது. எல்லாருக்கும் தொண்டை கட்டுன மாதிரி இருக்கு. பாதி வார்த்தை உடைஞ்சு போகுது."

வேறு யாராவது இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் ஈ.என்.டி. அரை நொடியில் பிடித்திருப்பார். அவருடைய கச்சேரியில் வருகிற வசனம் அது, வரி மாறாமல். ஆனால் தான் கொடுத்த பரிசைக் குறை சொல்கிறார்களே என்றுதான் அவருக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் வாய்ப்பே இல்ல. எடுத்துட்டு வா, பாக்கறேன்" என்றார்.

அக்கா பஸ் பிடித்து ஹெட்போனைப் பெட்டியோடு கொண்டுவந்தார். பிளேயரைக் கொண்டுவர இவர் சொல்லவும் இல்லை, அவரும் கொண்டுவரவில்லை. கவுன்ட்டருக்குக் கீழே ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர் உண்டு. கடையில் எந்த ஹெட்போனைக் காட்டினாலும் அதில் சொருகித்தான் காட்டுவார்கள். யானை பலம் அதற்கு, எதைச் சொருகினாலும் பாடவைத்துவிடும். ஸ்பிரிட்டால் துடைத்து, அதில் சொருகி, கண்ணை மூடிக் கேட்டார். "தேன்!" என்றார் கடைக்கே கேட்கும்படி. டிவி பிரிவுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அக்கா தானும் கேட்கக் கை நீட்டினார். அதற்குள் இவர் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். "ஹெட்போன் மேல ஒரு சொட்டுக் குறை இல்ல. உன் பிளேயரைத்தான் பாக்கணும்."

அந்த வாரம் அக்கா வீட்டில் பிளேயரைப் பார்த்தார். ஹெட்போனைத் துடைக்க அங்கே ஸ்பிரிட் ஏது? வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து தன் சின்ன இயர்போனை எடுத்துச் சொருகி, வால்யூமைக் குறைத்துக்கொண்டார். யாரோ ஒரு பெரியவர் தன் கடைக்குள் தண்ணீர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி தெளிவு, மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

ஹெட்போனும் சுத்தம். பிளேயரும் சுத்தம். இரண்டையும் ஒன்றில் ஒன்று சொருகிக் கேட்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனுக்குத் தோன்றவில்லையே!

இயர்போனைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ரெண்டும் நல்லா இருக்குக்கா. அப்புறம் பாக்கி இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்." தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

அக்கா முகம் வெளிறிப்போனது. "அப்பாவுக்கு வந்த மாதிரியாடா?" என்றார். "அவருக்கும் முதல்ல பேச்சுதானே புரியாமப் போச்சு?"

அந்த நேரத்தில் ஈ.என்.டி. மனதில் முதலில் எழுந்தது எது தெரியுமா? சொல்லவே வாய் கூசுகிறது. நல்லவேளை, எனக்கில்லை. அதுதான். காதை வைத்துப் பிழைக்கிறவன், அப்பாவின் மகன்தானே நானும் என்று பல நாள் பயந்திருந்தவன், அக்காவுக்கு வந்துவிட்டது என்றதும் ஒரு மூச்சு விட்டான். அடுத்த மூச்சிலேயே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் அவசரமாக, "ஒரு டாக்டரைப் போய்ப் பாத்துடுக்கா" என்றார்.

"எதுக்கு? ஈ.என்.டி. நீயே சொல்லிட்ட. இதுக்கு மேல இன்னொருத்தர் வாயால வேற கேக்கணுமா?" என்றார் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அக்கா அடித்த தாள்களில் புள்ளிகள் பெருகின. ஒரு வரியில் ஒன்று, அப்புறம் வரிக்கு வரி. ஆபீஸ் சூப்பர்வைசரம்மா நல்ல மாதிரி, "உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார். அந்தப் பரிவையே அக்காவால் தாங்க முடியவில்லை. அவர்களாக நிறுத்துவதற்கு முன்னால் தானாகவே நின்றுகொண்டார். "காது போச்சுங்க" என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார். அந்த வேலைக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

பயம் பிடித்துக்கொண்டால் சும்மா இருக்கிற காதும் மந்தமாகிவிடும். மிக்ஸி ஓடும்போது கூப்பிட்டது கேட்காவிட்டால்கூட, பார்த்தியா என்று அக்காவுக்கே தோன்றும். ஒன்றுக்கு இரண்டு தரம், "என்ன? என்ன சொன்ன?" என்பார். வீட்டில் கத்த ஆரம்பித்தார்கள். மாமா கத்தினார், மகள் கத்தினாள். ஈ.என்.டி. மனைவி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணீ!" என்று அலறுவாள். எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியது ஈ.என்.டி.தான். கடையில் பத்து டிவி சேர்ந்து ஓடும்போது பேசிப் பழகிய தொண்டை அது. அக்கா எல்லோர் உதட்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். யாராவது சிரித்தால் அவர் முகம் சட்டென்று மாறும். தன்னைப் பற்றித்தானோ என்று.

ஒருநாள் ஒரு துணிப்பையில் பிளேயரையும் ஹெட்போன் பெட்டியையும் போட்டுக் கொடுத்தார். "இனிமே எனக்கு எதுக்குடா? கடையில யாருக்காவது ஆகும்." ஈ.என்.டி. அதைக் கவுன்ட்டர் இழுப்பறையில் போட்டு மூடினார்.

பிறகொரு நாள் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் அம்மா ஒருவர் படியேறி வந்தார். கையில் வேறெங்கோ வாங்கிய பெரிய ஹெட்போன்.

"சார், வாங்கின கடையில கேட்டப்ப பிரமாதமா இருந்துச்சு. வீட்டுல போட்டா தகர டப்பா. பிளேயரும் புதுசுதான். என் காதுலதான் ஏதோ கோளாறோன்னு பயந்துட்டேன்."

ஈ.என்.டி.க்கு அன்றைக்கு நல்ல கூட்டம். கைகொட்டாத குறை, உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. "மேடம்! காதைக் குத்தம் சொல்லாதீங்க. எடுத்த எடுப்புல காதைக் குத்தம் சொல்றவன் தொழில் தெரியாதவன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஹெட்போன் நல்லதுதான். பிளேயரும் நல்லதுதான். ஜோடி சேந்ததுதான் தப்பு. இருங்க, காட்டறேன்."

காட்டுவதற்கு ஒரு சின்ன பிளேயரும் ஒரு பெரிய ஹெட்போனும் வேண்டுமே? இழுப்பறையைத் திறந்தார். இரண்டும் ஒரே பையில் தயாராக இருந்தன. இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடி கடை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எடுத்தார். ஒன்றில் ஒன்றைச் சொருகினார், முதன்முதலாக. பூஸ்ட் போட்டபடியே இருந்தது, வால்யூம் முழுசாக இருந்தது. அந்த அம்மாவின் காதில் வைத்து ஓட்டினார்.

"பாட்டு இல்ல சார். யாரோ பேசறாங்க. அழறாங்களா? அய்யோ, கரகரன்னு, ஒரு வார்த்தை புரியல."

"பாத்தீங்களா!" என்றார் ஈ.என்.டி. பெருமையாக. வாங்கித் துடைத்துத் தன் காதில் வைத்தார்.

ஒரு பாட்டியம்மா பேசிக்கொண்டிருந்தார். பேச்சு எழும்பும் இடத்திலெல்லாம் தகரத்தைக் கிழித்ததுபோலக் கிழிந்தது. என்ன ஆயிற்று, எங்கே அடிபட்டது, யார் செத்துப்போனார், ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா புள்ளி வைத்த இடங்கள் இவை. இந்தச் சத்தத்தை நாளெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, ஓட்டி நிறுத்தி ஓட்டி நிறுத்தி, தன் காது செத்துக்கொண்டிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார்? அப்ப நான் எதை மாத்தணும் சார்?"

அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. ஸ்டாக் ரூமுக்குள் போய், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே குந்தினார். எடுத்த எடுப்பில் காதைக் குத்தம் சொல்கிறவன் தொழில் தெரியாதவன். இப்போதுதான் தன் வாயாலேயே சொன்னார், பத்துப் பேர் கேட்க. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குப்பைத்தொட்டியில் காய்கறித் தோல்மேல் விழுந்த அந்தக் கறுப்பு டேப் ஒயர் கண்ணுக்குள் வந்து வந்து போனது. பெயரைப் பார், ஈ.என்.டி.யாம், ஈ.என்.டி.! டிவி பிரிவுப் பெண் எட்டிப் பார்த்து, "என்ன ஈ.என்.டி. சார், உடம்பு சரியில்லையா?" என்றபோது, முதல் தடவையாக அந்தப் பட்டப்பெயர் செருப்பால் அடித்ததுபோலப் பட்டது.

ஒரு காதும் கெடவில்லை என்பது நல்ல செய்திதானே, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவர் உடனே ஓடவில்லை, அதுதான் இன்னும் கேவலம். ஞாயிறு வரட்டும் என்று தள்ளினார். அதுவரை மனதுக்குள் பொய்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். பிளேயரில் கோளாறு, கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன் என்றால்? யாருக்குத் தெரியப் போகிறது? அக்காவுக்குக் காது திரும்பக் கிடைக்கும், இவருக்கு மானம் மிஞ்சும். நம்பர் சின்னதாகப் பார்த்து ஒரு லேசான ஹெட்போன் எடுத்து, இந்தத் தடவை அதே பிளேயரில் சொருகிக் கேட்டுச் சரிபார்த்து, பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா வீட்டு ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது, அக்காவுக்குக் கேட்கட்டுமே என்று. ஆனால் அக்கா அங்கே இல்லை. படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஈ.என்.டி. மனைவி ஹாலில் மற்றவர்களோடு உட்கார்ந்தாள். இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஒன்றும் பேசாமல் புது ஹெட்போனை அக்கா தலையில் மாட்டி, பிளேயரை ஓட்டினார். அக்கா விருப்பமில்லாமல் உட்கார்ந்தார். அப்புறம் அசையாமல் இருந்தார். மடித்த புடவைமேல் கிடந்த அவர் விரல்கள் மெல்ல ஓட ஆரம்பித்தன. அந்தப் பாட்டியம்மா சொல்லச் சொல்ல, புடவைமேல் அடித்துக்கொண்டிருந்தார், புள்ளியே வைக்காமல்.

"கேக்குதுடா" என்றார். ஹெட்போனைக் கழற்றும்போதே கண் நிரம்பிவிட்டது. "எல்லாமே கேக்குது! எப்படிடா?"

"பிளேயர்ல ஒரு சின்னக் கோளாறுக்கா!" பழக்கதோஷத்தில் கத்தினார். "சரி பண்ணிட்டேன்!"

"அப்போ என் காதுல ஒண்ணும் இல்லையா?"

அக்கா அப்படி நிமிர்ந்து பார்த்து, சின்னப் பிள்ளைபோலக் கேட்டபோது, ஈ.என்.டி.யால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய்யும் வாயில் நிற்கவில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்து, உதடு அசைகிறதா இல்லையா என்பதுபோல முணுமுணுத்தார். பிளேயர்ல ஒண்ணும் இல்ல, நான் கொடுத்த ஹெட்போன்தான் அதுக்கு ஆகாதது, எனக்கே தெரிஞ்சிருக்கணும், ரெண்டையும் சேத்து ஒரு தடவைகூடப் போட்டுப் பாக்கல, உன் காதுமேல பழியைப் போட்டேன், எனக்கு வரலைன்னு சந்தோஷம்கூடப் பட்டேன். சொல்லியும் ஆயிற்று, யார் காதிலும் விழவும் இல்லை என்று ஒரு நிம்மதி.

"அப்பாகிட்ட முணுமுணுத்த மாதிரியே முணுமுணுக்கறடா" என்றார் அக்கா பின்னாலிருந்து. "அவருக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு."

ஈ.என்.டி. கூனிக் குறுகி நின்றார்.

"கடைக்கு வர்ற ஊரு பேரு தெரியாதவங்ககிட்டல்லாம் கேப்பியே, எதுல சொருகப் போறீங்கன்னு. என்கிட்ட ஏன்டா கேக்கல?"

"அவங்க சரியில்லைன்னா திரும்பக் கொண்டு வந்து சண்டை போடுவாங்கக்கா. நீ... நீ நான் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவ."

அக்கா ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தார் தம்பி. அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அந்த வேலையில இன்னொரு பொண்ணு உக்காந்துட்டா. அவளை எழுப்பச் சொல்லி நான் கேக்க மாட்டேன். வேற எங்கயாவது தேடிக்கறேன், அது என் பாடு" என்றார். "ஆனா வீட்டுல எல்லாரும் என்னைச் செவிடின்னு கத்தறாங்களே, அது உன் பாடு. என் ஹெட்போனைக் குப்பையில போட்டப்ப எப்படி எல்லாரும் கேக்கச் சொன்ன? இப்ப ஜன்னல்கிட்ட சொன்னதை ஹால்ல போய்ச் சொல்லு. அந்தக் கடைசி வரி என்னோட இருக்கட்டும், மத்ததைச் சொல்லு. எனக்குச் சொல்லுவியே ஒரு சத்தத்துல, அப்படிச் சொல்லு."

ஈ.என்.டி. கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு வந்தார். மாமா, அக்கா மகள், தன் மனைவி மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னால் அக்கா அறை வாசலில் சாய்ந்து நிற்பது தெரிந்தது. டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கடைசி வரி தவிர அத்தனையும் சொன்னார். பத்து டிவியை மீறிப் பேசுகிற தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

மாமா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை நிறுத்தினார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"என்ன மாப்ள, ஒண்ணும் காதுல விழலயே? கொஞ்சம் சத்தமாச் சொல்லு."